கம்பெனி கைபேசியில் எதுவரை பார்க்கலாம்? ஒரு பனியன் கம்பெனிக்காகச் செய்த ஒப்பீடு

திருப்பூரில் ஓர் ஆர்டர் நூலாக வந்து பெட்டியாகக் கிளம்புவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங் என்று எத்தனையோ கைகளைக் கடக்கிறது. அவற்றில் பல வேலைகள் கம்பெனியின் கூரைக்கு வெளியே, ஜாப் ஒர்க் செய்து தருபவர்களின் இடங்களில் நடக்கின்றன. காலையில் வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறையில் ஷேடு (சாயத்தின் நிறம்) பார்த்துவிட்டு, மதியம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துத் தரும் தையல் கூடத்தில்) தையலைச் சோதித்துவிட்டு, மாலையில் எம்ப்ராய்டரி யூனிட்டிலிருந்து படம் அனுப்பும் தரச் சோதகருக்குக் கைபேசிதான் அலுவலகம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கோ பையரின் (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின்) மின்னஞ்சல், விலைக் கணக்கு, இன்னும் கடைக்கு வராத அடுத்த சீசன் டிசைன் எல்லாமே அந்த ஒரு கருவிக்குள்தான் இருக்கின்றன.

நான் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் ஏற்றுமதி நிறுவனத்தில் இப்படி வெளியே சுற்றுகிறவர்களும் மெர்ச்சண்டைசிங் பிரிவினரும் சேர்த்து 34 பேருக்குப் புதிதாகக் கைபேசி வாங்கிக் கொடுப்பது என்று முடிவானபோது, முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “போனும் நம்முளுது, பில்லும் நம்முளுது. அதுல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியோணுமல்லங்க?” என்றார். கேள்வி நியாயமானது. அதற்கு முந்தைய சீசனில் ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனபோது, ஆறு ஆண்டுகளாகப் பையரின் ஏஜென்டுகளோடு அவர் நடத்திய வாட்ஸ்அப் உரையாடல்கள் முழுவதும் அவருடைய சொந்த எண்ணோடு போய்விட்டன. எந்த மாதிரிக்கு எந்தத் திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதைக்கூட நாங்கள் மறுபடி பையரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு கண்காணிப்பு வேண்டும் என்று ஒரு முதலாளி நினைப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அவர் மூன்று வெவ்வேறு கவலைகளை வைத்திருந்தார் என்பது உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. விலைக் கணக்கும் டிசைனும் வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. ஆள் சொன்ன இடத்துக்குப் போனாரா என்பது இன்னொன்று. ஆள் போனாலும் எண்ணும் தொடர்புகளும் கம்பெனியிலேயே நிற்க வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல், எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு செயலியை வாங்கிப் போட்டால் மூன்றும் தீர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் நம் பகுதி நிறுவனங்கள் பலவற்றில் நான் காணும் பிழை. அந்தப் பிழையின் விலையை நான் ஊழியனாக இருந்து கொடுத்திருக்கிறேன் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் நான் தரச் சோதகராக இருந்தபோது கொடுக்கப்பட்ட கைபேசியில், இருப்பிடத்தை இருபத்துநான்கு மணி நேரமும் அனுப்பும் செயலி ஒன்று இருந்தது. வேலை நேரத்துக்கு மட்டும் என்றுதான் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் நானும் என் மனைவியும் குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். எங்கள் இருவர் வீட்டிலும் பெற்றோரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர், “ஆசுபத்திரிக்குப் போயிட்டு இருக்கறீங்களாமா, என்ன சொல்றாங்க?” என்று அனுதாபத்தோடு கேட்டார். அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். அவர்கள் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் அன்று சாப்பிடாமல் எழுந்து வந்த என் மனைவியின் முகம், இந்த ஒப்பீட்டின் ஒவ்வொரு வரியை எழுதும்போதும் என் முன்னால் இருந்தது.

இனி வழிகளைப் பார்க்கலாம். எங்கள் முன் ஐந்து வழிகள் இருந்தன.

முழுக் கட்டுப்பாடு

முதல் வழியில் கைபேசி முழுவதும் நிறுவனத்தின் ஆளுகைக்குள் வந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் இதைச் செய்ய, பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த அல்லது முழுவதும் அழித்துத் துடைத்த கருவியை, முதல் திரையிலேயே நிறுவன நிர்வாகச் சேவையோடு இணைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் போனை, அதிலுள்ளவற்றை அழிக்காமல் இந்த நிலைக்கு மாற்ற முடியாது என்பதை ஊழியர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இணைத்த பிறகு எந்தெந்தச் செயலிகள் போனில் இருக்கின்றன என்ற முழுப் பட்டியல் நிர்வாகிக்குத் தெரியும். தேவையானதைத் தொலைவிலிருந்தே நிறுவலாம், தேவையற்றதைத் தடுக்கலாம். கருவி எந்தெந்த இணைய முகவரிகளோடு தொடர்பு கொண்டது என்ற பதிவையும் எடுக்கலாம். தொலைந்தால் பூட்டலாம், அழிக்கலாம். இருப்பிடம் அனுப்பும் செயலியைச் சேர்த்தால் அதுவும் கிடைக்கும். ஆனால் பலரும் அஞ்சுவது போலவோ, சில விற்பனையாளர்கள் சொல்வது போலவோ, இந்த நிர்வாகச் சேவை மட்டுமே வாட்ஸ்அப்பில் என்ன எழுதினார்கள் என்பதைக் காட்டிவிடாது. 2016 முதல் அந்தச் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. அழைப்புகளை ஒலிப்பதிவு செய்வதும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்திருக்கும் அணுகல்வசதி அனுமதியைப் பயன்படுத்தி அழைப்புகளைப் பதிவு செய்த செயலிகளைக் கூகுள் 2022 மே மாதம் தன் பிளே ஸ்டோரில் தடைசெய்துவிட்டது. பல கைபேசிகளில் இப்போது அழைப்பைப் பதிவுசெய்யத் தொடங்கினால் இருதரப்புக்கும் அறிவிப்பு ஒலிக்கிறது.

ஆகவே முழுக் கட்டுப்பாடு என்பது முதலாளி கற்பனை செய்வதைவிடக் குறைவாகவும், ஊழியர் நினைப்பதைவிட அதிகமாகவும் பார்க்கிறது. ஒருவர் வேலைக்கான கைபேசியோடு தன் குடும்ப வாழ்க்கையையும் அதிலேயே நடத்தினால், நோய்க்கான செயலி, கடன் செயலி, வரன் பார்க்கும் செயலி என்று அவர் நிறுவியிருப்பவற்றின் பெயர்களே நிர்வாகிக்குப் போதும். செய்திகளைப் படிக்கத் தேவையே இல்லை. அதனால்தான் இந்த வழி தனி ஒருவர் கையில் இரவும் பகலும் இருக்கும் போனுக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தேன். பேக்கிங் பிரிவில் பார்கோடு படிக்கும் போன், கேட்டில் டெலிவரி சலான் பதியும் போன் என்று கம்பெனியை விட்டு வெளியே போகாத, ஷிப்டுக்கு ஷிப்டு கை மாறும் கருவிகளுக்கு இதுவே சரியான வழி. அவற்றில் யாருடைய சொந்த வாழ்க்கையும் இல்லை. ஒன்றிரண்டு செயலிகளைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி அவற்றைப் பூட்டி வைப்பதில் யாருக்கும் குறையும் இல்லை.

பிரித்து வைத்த போன்

இரண்டாவது வழியில் போன் நிறுவனத்துடையதுதான். ஆனால் அதற்குள் ஒரு சுவர் எழுப்பப்படுகிறது. ‘வொர்க் புரொஃபைல்’ என்று சொல்லப்படும் பணிப் பகுதி ஆண்ட்ராய்டில் 2014-ஆம் ஆண்டின் 5.0 பதிப்பிலிருந்தே உண்டு. நிறுவனப் போன்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2020-இல் வெளிவந்த 11-ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு முன், நிறுவனம் வாங்கிய கருவி என்றால் சொந்தப் பகுதியையும் நிர்வாகி எட்டிப் பார்க்க வழி இருந்தது. 11-ஆம் பதிப்பிலிருந்து சொந்தப் பகுதியில் இருக்கும் செயலிகளோ படங்களோ செய்திகளோ நிர்வாகியின் பார்வைக்கு வருவதில்லை. ஆபத்தானவை என்று கருதும் செயலிகள் சொந்தப் பகுதியில் ஏறாமல் தடுப்பது, திரைப்பூட்டைக் கட்டாயமாக்குவது, தொலைந்தால் கருவி முழுவதையும் அழிப்பது ஆகிய அதிகாரங்கள் மட்டும் நிறுவனத்திடம் நிற்கின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சிறிய பொத்தான். பணிப் பகுதியை ஊழியரே நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் அதற்குள் இருக்கும் மின்னஞ்சல், வாட்ஸ்அப், இருப்பிடச் செயலி எல்லாம் உறங்கிவிடும். காலையில் மறுபடி தட்டினால் எழுந்துகொள்ளும். யாராவது நாள்கணக்கில் நிறுத்தியே வைத்துவிட்டால் என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். அதற்கும் வழி உண்டு: குறைந்தது மூன்று நாள் என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் சொந்தப் பகுதிச் செயலிகள் இயங்காதபடி நிறுவனம் அமைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அணைத்து வைக்க ஒருவருக்கு இது தாராளமாகப் போதும்.

எங்கள் தொழிலுக்கு இந்த வழி சரிப்பட்டு வந்ததற்கு வாட்ஸ்அப்தான் காரணம். திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டும் பையரின் ஏஜென்டும் மின்னஞ்சலைவிட வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். அதை மாற்றுவது நம் கையில் இல்லை. பணிப் பகுதிக்குள் கம்பெனி சிம்மின் எண்ணில் தனியாக ஒரு வாட்ஸ்அப்பை நிறுவிவிடலாம். சொந்த எண்ணில் உள்ள வாட்ஸ்அப் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொள்ளும். ஊழியர் மாறினாலும் கம்பெனி எண்ணும் அதன் உரையாடல்களும் அடுத்தவர் கைக்கு முறையாகப் போகும். முதலாளியின் மூன்றாவது கவலை, யாருடைய செய்தியையும் ஒளிந்திருந்து படிக்காமல், இப்படியே தீர்ந்துவிடுகிறது. முதல் கவலைக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது: பணிப் பகுதியில் உள்ள கோப்பைச் சொந்தப் பகுதிக்கு நகலெடுப்பதையும் பணிப் பகுதியில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையும் தடுத்துவிடலாம். இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதை எந்த மென்பொருளும் தடுக்காது என்பதையும் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிளின் நிர்வாக முறையில் நிறுவனம் குறுஞ்செய்திகளையோ அழைப்புப் பட்டியலையோ படங்களையோ பார்க்க முடியாது. கருவியைத் ‘தொலைந்த நிலை’க்கு மாற்றினால் மட்டுமே இருப்பிடத்தைக் கேட்க முடியும். எங்களிடம் நான்கைந்து பேரிடம்தான் ஐபோன் என்பதால் அதற்கு மேல் நான் ஆராயவில்லை.

குறை என்று பார்த்தால், இந்த வழிக்குப் போன் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று நிர்வாகச் சேவைக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. நினைவகம் குறைந்த மலிவுப் போனில் இரண்டு வாட்ஸ்அப்பும் இரண்டு பகுதிகளும் சேர்ந்து கருவியை மந்தமாக்கிவிடும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் எந்தப் படம் எந்தப் பகுதியில் சேமிக்கப்படுகிறது என்று குழப்பம் வரும். எங்கள் சோதகர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய இருவருக்கு இதைப் பழக்க ஒரு வாரம் ஆனது.

சொந்தப் போன், வெறும் சிம்

மூன்றாவது வழி, ஊழியரின் சொந்தப் போனிலேயே பணிப் பகுதியை மட்டும் நிறுவச் சொல்லி, மாதாமாதம் ஒரு படியைக் கொடுத்துவிடுவது. இதில் நிறுவனம் பணிப் பகுதியைத் தவிர எதையும் அழிக்கவோ தடுக்கவோ முடியாது. ஊழியரும் விரும்பினால் அந்தப் பகுதியை நீக்கிவிடலாம். அந்தரங்கம் என்ற அளவில் இதுவே மிகச் சிறந்தது. ஆனால் எல்லோருடைய போனும் ஒரே தரத்தில் இருக்காது. பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றுபோன பழைய கருவியில் பையரின் மின்னஞ்சலைத் திறந்து வைப்பது ஏற்றுமதி நிறுவனத்துக்கு நல்லதல்ல. பையரின் பெயரிலோ நம் பெயரிலோ போலி மின்னஞ்சல் அனுப்பி, பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கை மாற்றிவிடும் மோசடி இந்தத் தொழிலில் எல்லோரும் அஞ்சுகிற ஒன்று. அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கவனக்குறைவான கருவியிலிருந்தோ கடவுச்சொல்லிலிருந்தோதான் தொடங்குகிறது.

நான்காவது வழி, கம்பெனி சிம்மை மட்டும் கொடுத்துவிட்டு எதையும் கண்காணிக்காமல் இருப்பது. ஓட்டுநர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் பையன்களுக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒளித்து வைக்கும் செயலி

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலிவானது அதுதான். முதலாளிகளுக்குத் தெரிந்தவர்கள் மூலம் முதலில் வந்து சேர்வதும் அதுதான். போனை ஊழியரிடம் கொடுக்கும் முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு செயலியை அதில் ஏற்றிவிட்டால், அவருடைய செய்தி, அழைப்பு, படம், இருப்பிடம், சிலவற்றில் அவரைச் சுற்றி நடக்கும் பேச்சுகூட நிர்வாகியின் கணினிக்கு வந்துவிடும் என்று விற்கிறார்கள். இவ்வகைச் செயலிகளைப் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை; அதனால் போனின் பாதுகாப்பு எச்சரிக்கைகளை அணைத்துவிட்டு வெளியிலிருந்து நிறுவச் சொல்வார்கள். பையரின் விலைக் கணக்கைக் காப்பதற்காக வாங்கிய போனில், முதல் வேலையாகப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறோம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சேர்ந்த தகவல் எல்லாம் முகம் தெரியாத ஒரு விற்பனையாளரின் சர்வரில் போய்க் குவிகிறது. அமெரிக்காவில் ‘ஸ்பைஃபோன்’ என்ற இவ்வகைச் செயலியின் சர்வரிலிருந்து தகவல்கள் வெளியே கசிந்தன. 2021-இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலையே செய்யக் கூடாது என்று தடைவிதித்து, திரட்டியவற்றை அழிக்கவும் உத்தரவிட்டது.

‘போன் என்னுடையது’ என்ற வாதம் இங்கே நிற்காது. போன் நம்முடையதுதான், அதற்குள் வரும் வங்கி ஓடிபி நம்முடையது அல்ல, ஊழியரின் மனைவி அனுப்பும் செய்தி நம்முடையது அல்ல, எதிர்முனையில் பேசுகிற பையர் ஏஜென்டின் குரல் நம்முடையது அல்ல. பெண் ஊழியர் என்றால் சட்டம் இன்னும் கடுமையானது. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றத்தின் வரையறையில் சேர்த்திருக்கிறது. முதல் முறை என்றாலும் மூன்று ஆண்டு வரை சிறை. சூழ்நிலையில் நியாயமானது என்று காட்டினால் விலக்கு உண்டு. ஒளித்து வைத்த செயலிக்கு அந்த நியாயத்தை எந்த முதலாளி எந்த முகத்தோடு காட்டுவார்? எங்கள் 34 பேரில் பதினொரு பேர் பெண்கள். அவர்களில் ஒருவருடைய இரவு நேர இருப்பிடத்தை அலுவலகத்தில் ஓர் ஆண் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நிலை, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாங்கள் அமைத்திருக்கும் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவுக்கு முன் வருமானால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது என்பதால், தனியார் நிறுவனத்துக்கு நேரடியாக அதிலிருந்து எல்லா விடையும் கிடைக்காது. அதை நிரப்ப வந்தது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்கும், தொழில் இரகசியம் கசிவது போன்ற இழப்பிலிருந்து நிறுவனத்தைக் காப்பதற்கும், ஊழியரின் தனிச் சம்மதம் இல்லாமலே அவருடைய தகவலைக் கையாள இடம் தருகிறது. இதைக் கேட்டதும் முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த இடம் வேலைக்கு மட்டும்தான் என்பதும், திரட்டிய தகவலைப் பாதுகாக்கத் தவறினால் ₹250 கோடி வரை தண்டத்தொகை விதிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என் சோதகர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற தகவல் எங்கள் கணினியில் இருப்பதால் கம்பெனிக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அது கசிந்தால் வரும் பொறுப்பு மட்டும் முழுவதும் நம் தலையில். தேவையற்ற தகவலைச் சேர்ப்பது சொத்து சேர்ப்பதல்ல, கடன் வாங்குவது என்று முதலாளியிடம் சொன்னேன். கணக்கு வழக்கில் வளர்ந்த மனிதர் என்பதால் அந்த ஒப்பீடு அவருக்கு உடனே பிடிபட்டது.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், இரண்டு வழக்குகள் எனக்கு வழிகாட்டின. கலிபோர்னியாவின் ஒன்டாரியோ நகரக் காவல்துறை, தான் கொடுத்த பேஜர்களில் மாத வரம்பு ஏன் மீறப்படுகிறது என்று பார்க்க ஒரு காவலரின் செய்திகளைப் படித்தது. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது நியாயமே என்றது. நியாயம் என்று சொன்னதற்குக் காட்டிய காரணங்களைத்தான் கவனிக்க வேண்டும்: தேடியதற்கு வேலை தொடர்பான காரணம் இருந்தது, இரண்டு மாதச் செய்திகளை மட்டுமே எடுத்தார்கள், வேலை நேரத்துக்கு வெளியே அனுப்பியவற்றை மறைத்துவிட்டே ஆய்வு செய்தார்கள். மற்றது ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற ஊழியரின் வழக்கு. வேலைக்காகத் தொடங்கிய மெசஞ்சர் கணக்கில் அவர் தன் சகோதரரோடும் மணமாகவிருந்த பெண்ணோடும் பேசியவற்றை நிறுவனம் படித்து, அவரை வேலைநீக்கம் செய்தது. சொந்தப் பயன்பாடு கூடாது என்ற விதி அங்கே இருந்தும்கூட, எந்த அளவுக்குப் படிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாததையும், அதைவிட மென்மையான வழி இருந்ததா என்று பார்க்காததையும் சுட்டி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆள் எங்கே, சரக்கு எங்கே

இருப்பிடம் பற்றிய கவலைதான் மீதம். சோதகர் சாயப்பட்டறைக்குப் போனாரா என்ற கேள்விக்கு வரைபடத்தில் நகரும் புள்ளி நல்ல விடை என்று நான் நினைக்கவில்லை. பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் புள்ளி அங்கேதான் இருக்கும். அவர் அனுப்பும் சோதனை அறிக்கையில் துணி ரோலின் எண்ணும் ஷேடும் ஜி.எஸ்.எம். (துணியின் எடை) அளவும், நேரத்தோடு எடுத்த படமும் இருந்தால், அது அவர் போனார் என்பதோடு பார்த்தார் என்பதையும் காட்டும். சரக்கு எங்கே என்பது கேள்வியானால் ஜி.பி.எஸ். கருவியை வண்டியில் பொருத்த வேண்டும்; ஓட்டுநரின் சட்டைப்பையில் அல்ல. அவசர ஷிப்மென்ட் நாளில் ஆள் இருக்குமிடம் கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை அவரே பகிரலாம். அதில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுகள் இருக்கின்றன. நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும்.

இது எங்கள் தொழிலுக்கான விடை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்கும் ஆட்களுக்கு இரவிலும் இருப்பிடம் தெரிவது அவர்களுடைய பாதுகாப்புக்கே தேவைப்படலாம். ஆனால் அதை அவர்களே கேட்டு வாங்குவது வேறு, அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது வேறு. பல்லடத்துப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளைச் சுற்றிவரும் சூப்பர்வைசருக்கு, பண்ணைக்குப் போனதும் தீவன இருப்பையும் இறந்த கோழிகளின் எண்ணிக்கையையும் பதிகிற நொடியில் மட்டும் இருப்பிடத்தை எடுத்தால் போதும். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவில் அவர் எந்த வழியில் போனார் என்பது யாருக்கும் வேண்டியதில்லை. முழுநேர இருப்பிடப் பதிவு இருபக்கமும் வெட்டும் என்பதையும் முதலாளிகள் நினைவில் வைக்க வேண்டும். ஊழியர் இரவு பதினோரு மணி வரை பவர் டேபிளில் நின்றார் என்பதற்கும் அதே பதிவுதான் சாட்சி. மிகைநேரக் கூலி கேட்டு வழக்கு வந்தால் அது அவர் கையில் இருக்கும் ஆவணமாகிவிடும்.

நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு இதுதான். மெர்ச்சண்டைசர்களுக்கும் சோதகர்களுக்கும் பிரித்து வைத்த கம்பெனிப் போன். இருப்பிடச் செயலி இல்லை. பேக்கிங்கிலும் கேட்டிலும் முழுக் கட்டுப்பாட்டில் பூட்டிய பொதுப் போன். ஓட்டுநர்களுக்குச் சிம் மட்டும், ஜி.பி.எஸ். வண்டியில். ஒளித்து வைக்கும் செயலி எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. முதலாளி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சொந்தப் போனுக்குப் படி கொடுக்கும் மூன்றாவது வழி அவருக்குச் செலவைக் குறைத்திருக்கும். ஆனாலும் பையர் மின்னஞ்சல் பழைய கருவிகளில் திறந்திருப்பது அவரை அந்தச் செலவைவிட அதிகமாக உறுத்தியது.

போனோடு ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுத்தோம். நிறுவனம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, பார்க்கும் அதிகாரம் எந்த இருவருக்கு, அந்தப் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும், போன் தொலைந்தால் சொந்தப் படங்களும் சேர்ந்து அழியும் என்பதால் அவற்றை வேறிடத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் பணிப் பகுதியை அணைத்து வைப்பது குற்றமல்ல என்ற வரியை முதலாளியே தன் கையால் சேர்த்தார்.

வேலையை விடும்போது என்ன செய்வது என்பதையும் எழுதி வைத்தோம். ஊழியர் தன் கூகுள் கணக்கைப் போனிலிருந்து நீக்கிய பிறகே ஒப்படைக்க வேண்டும். நீக்காமல் அழித்துத் துடைத்தால் கருவி பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் சிம். அது நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் ஆளோடு போகாது. அந்த எண்ணைத் தன் வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் பி.எஃப். கணக்குக்கும் கொடுத்திருந்தால், அவர் போன பிறகும் ஓடிபி எல்லாம் கம்பெனி மேசையில் வந்து விழும். பழைய கம்பெனி எண்களை ஏற்கெனவே வைத்திருந்த எட்டுப் பேரிடம் விசாரித்ததில், ஐந்து பேருடைய வங்கிக் கணக்கு அந்த எண்ணோடுதான் இணைந்திருந்தது. புதிய போன்களைப் பிரிப்பதற்கு முன், அவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து, சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினோம்.